பிரேக் இன்ஸ்பெக்டருக்கு யார் பாஸ்?

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். பேரளி வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் எதிரே வருகிற வண்டிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சிமென்ட் லாரி, சுண்ணாம்புக்கல் டிப்பர், மறுபடியும் சிமென்ட் லாரி... 1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்தது; தனியார் ஆலைகளும் வரிசை கட்டி நிற்கின்றன. இந்த ராட்சசர்களுக்கு ஒதுங்கி, சடன் பிரேக் போட்டு, மறுபடி ரோட்டில் ஏறி ஓடுகிற அரசு பஸ்ஸின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் எப்படி இருக்கணும்? 'நல்லா இருக்கு' என்று கையெழுத்துப் போடுகிறவர் யார்? இந்த வாரம் அவர் கதைதான்.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது பலகையில் எழுதியிருக்கும் பெயர். ஊரில் கேட்டால் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்பார்கள். லைசென்ஸ் வாங்கும்போது எட்டுப் போடச் சொன்னாரே, அவர்தான். அதோடு நமக்கும் அவருக்கும் உறவு முடிந்துவிடும். ஆனால், அவர் செய்கிற பெரிய வேலை எஃப்.சி. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி, தகுதிச் சான்று இல்லாத பஸ், பதிவே ஆகாத வண்டிக்குச் சமம். எட்டு வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் வருஷா வருஷம் காட்டணும்.

எஃப்.சி.க்குப் போகிற வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பெண் பார்க்க வருகிற நாளில் வீடு இருக்குமே, அந்த மாதிரி இருக்கும். பெயின்ட் மினுங்கும், ஹாரன் அடிக்கும், வைப்பர் ஆடும். மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஏறினதும் வீடு பழையபடி ஆகிவிடும் இல்லையா?

நடந்ததைச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் சென்னை மாநகர பஸ் ஒன்றில் தரைப்பலகை உடைந்து, ஓட்டை வழியே ஒரு பெண் கீழே விழுந்தார். ஏப்ரலில் திருச்சியில் ஒரு பஸ் வளைவில் திரும்பியபோது கண்டக்டர் சீட்டோடு வெளியே வந்து ரோட்டில் விழுந்தார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பஸ் விடுகிற அதே கும்பகோணம் கோட்டத்து பஸ்தான் அது. நல்லவேளை, இரண்டு பேரும் பிழைத்தார்கள். எஃப்.சி. இல்லாமல் ரோட்டுக்கு வரவே முடியாது என்றால், அந்தப் பலகையையும் அந்த நட்டையும் ஒருத்தர் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டிருக்கணும்?

திருச்சி சம்பவத்துக்குப் பிறகு அப்போதைய தலைமைச் செயலாளர் ஓர் உத்தரவு போட்டார். எல்லா அரசு பஸ்களையும் 48 மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டுமாம். மாநிலம் முழுக்கச் சுமார் இருபதாயிரம் பஸ், முந்நூறுக்கு மேல் டிப்போ. வகுத்துப் பார்த்தால் டிப்போவுக்கு அறுபத்துச் சொச்சம் பஸ். முடியாத வேலை இல்லை. முடிகிற வேலைதான் என்றால், அதற்கு ஒரு கண்டக்டர் ரோட்டில் விழ வேண்டுமா, சார்?

இங்கே பிரேக் இன்ஸ்பெக்டரை மட்டும் திட்டினால் அது நியாயமில்லை. லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், ஓவர்லோடு லாரி, எஃப்.சி. என்று எல்லாவற்றுக்கும் அதே மனிதர்தான். விபத்து நடந்தால் வண்டியைப் பார்த்து அறிக்கை தருவதும் அவரே. அந்த அறிக்கையில் 'இயந்திரக் கோளாறு இல்லை' என்று எழுதினால், பழி மொத்தமும் டிரைவர் தலையில். 'கோளாறு உண்டு' என்று எழுதினால், தன் துறை கொடுத்த எஃப்.சி.யையே சந்தேகிக்கிற மாதிரி. அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை எழுதுவீர்கள்?

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே, கணக்கு எழுதுகிறவனும் கணக்கைச் சோதிக்கிறவனும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கக் கூடாது என்பதுதான். இங்கே பஸ் ஓட்டுகிற கழகத்துக்கும் போக்குவரத்துத் துறை அமைச்சர். பஸ்ஸைச் சோதிக்கிற ஆய்வாளருக்கும் அதே அமைச்சர். 'இந்த பஸ் ஓடக் கூடாது' என்று எழுதினால் காலை எட்டரை மணி டிரிப் கட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டில் நிற்பார்கள். எங்கிருந்து போன் வரும் என்று சொல்லவா வேண்டும்?

தனியார் பஸ் என்றால் இன்ஷூரன்ஸ்காரனாவது ஒரு கண் வைத்திருப்பான். சட்டத்தின் 146-வது பிரிவில், தனியாக நிதி வைத்துக்கொள்ளும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அதிலிருந்தும் விலக்குக் கேட்க வழி இருக்கிறது. நஷ்ட ஈடு கட்டாமல் பஸ் ஜப்தியாகி கோர்ட் வாசலில் நிற்கிற போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ரயிலில் கதையே வேறு. அரியலூர்க்காரர்களுக்கு ரயில் விபத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23, மருதையாற்றுப் பாலம், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், நூற்றுக்கும் மேற்பட்ட சாவு, லால்பகதூர் சாஸ்திரியின் ராஜினாமா. (2007-ல் அரியலூர் மறுபடி தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23-ல்தான்!) சாஸ்திரியின் ராஜினாமாவை எல்லா மேடையிலும் பேசுகிறோம். ரயில்வே பாதுகாப்பு ஆணையரை யாரும் பேசுவதில்லை. புதுப் பாதையில் பயணிகள் ரயில் விடலாமா என்று பார்ப்பதும், பெரிய விபத்தை விசாரிப்பதும் அவர்தான். ஆனால் அவர் ரயில்வே அமைச்சருக்குக் கீழே இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில் இருக்கிறார்! ரயில்வே வாரியத்திடமிருந்து அந்தப் பிரிவைப் பிரித்தது 1941-ல், வெள்ளைக்காரன் காலத்தில். அதனால் ரயில் விபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 'உன் தண்டவாளம் சரியில்லை' என்று எழுத, அவர் ரயில்வே அமைச்சரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

பஸ்ஸுக்கும் நாம் ஒருமுறை இதில் பாதி தூரம் வந்திருக்கிறோம். 2012-ல் சேலையூர் பள்ளி ஒன்றின் பஸ்ஸில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. பள்ளி வாகனங்களுக்குத் தனி விதி வந்தது. இன்றைக்கு மே மாதம் ஆனால் பள்ளி பஸ்கள் மைதானத்தில் வரிசையாக நிற்கின்றன. ஆர்.டி.ஓ., போலீஸ், கல்வித் துறை என்று பல ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். கலெக்டர் அவசர கதவைத் திறந்து பார்க்கிற போட்டோ பேப்பரில் வருகிறது. போட்டோவுக்காகத்தான் என்று கிண்டல் பண்ணலாம். ஆனால் பல துறைக் கண் படுகிறது. அங்கேயே 'இது தேறாது' என்று திருப்பி அனுப்புகிறார்கள், எத்தனை வண்டி என்று செய்தியும் வருகிறது.

அதே பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போகிறார்களே, அந்த பஸ்ஸுக்கு ஏன் ஒரு மே மாதம் இல்லை? பெரம்பலூர், அரியலூர் டிப்போ பஸ்களையும் மைதானத்துக்குக் கொண்டுவரட்டும். வேறு துறை இன்ஜினீயர் ஒருவர் கூட இருக்கட்டும். எத்தனை பஸ்ஸைப் பார்த்தார்கள், எத்தனை பஸ்ஸைத் திருப்பி அனுப்பினார்கள் என்கிற இரண்டே இரண்டு எண்களை, இரண்டு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் நேரக் காப்பாளர் அறை வாசலில், டைம் டேபிளுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டட்டும்.