ஆயிரம் மன்னிப்புகளின் நாயகன்: அல்பேட் மோசஸின் நடிப்பும் நகைப்பின் சமூகவியலும்

எள்ளலும் பேதைமையும் நகை பிறக்கும் களங்களிற் சில என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலிற் கூறும். அதற்கு உரைகண்ட பேராசிரியர் எள்ளலை இருவகைப்படுத்துவார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. இவ்விரண்டாம் வகை எள்ளலைப் பிழைப்பாகக் கொள்ள நேர்ந்த ஒரு கலைஞனின் வாழ்வு ஈண்டு ஆராயப்படுகின்றது. அவர் கம்பளையிற் பிறந்து ஆங்கிலத் தொலைக்காட்சியிற் புகழ்பெற்ற அல்பேட் மோசஸ் (1937 – 2017).

மோசஸ் 1960களில் இந்தியத் திரைப்படங்களில் நடித்தார். பின்னர் ஆபிரிக்காவில் விவரணப் படங்களிற் பணிபுரிந்து, 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தை அடைந்தார். லண்டன் வீக்கென்ட் டெலிவிஷன் 1977 முதல் 1979 வரை ஒளிபரப்பிய 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் நகைச்சுவைத் தொடரில் அவர் ஏற்ற ரஞ்சித் சிங் என்ற சீக்கியப் பாத்திரமே அவருக்கு நிலையான பெயரைத் தந்தது. வின்ஸ் பவல் எழுதிய இத்தொடர் இலங்கை உட்படப் பல நாடுகளில் ஒளிபரப்பாயிற்று. வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்பொன்றே இதன் களம். பிரவுண் என்னும் இளம் ஆங்கிலேய ஆசிரியர் கற்பிக்க, பல நாட்டு மாணவர்கள் பிழைபடப் பேசுவர். ரஞ்சித் சிங் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கோருவார். பாகிஸ்தானியரான அலி நதீமுடன் ஓயாது பிணங்குவார்.

இத்தொடரிற் பிரெஞ்சுப் பெண், ஜேர்மானியப் பெண், இத்தாலியர், கிரேக்கர் என அனைவருமே நகைப்புக்குள்ளாகின்றனர். எனவே இதில் இனப்பாகுபாடு இல்லை என வாதிடுவோர் உளர். இவ்வாதம் வகுப்பறைக்கு வெளியே செல்லாதது. பிரெஞ்சுப் பெண்ணின் உச்சரிப்பைக் கேட்டு நகைத்தவர்கள் மறுநாள் தெருவில் அவளைத் துரத்தவில்லை. சீக்கியர் நிலை வேறு. லண்டனின் சௌத்தோல் பகுதியில் 1976-இல் சீக்கிய மாணவர் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்து, இனவெறிக்கெதிராக ஆசிய இளைஞர் திரண்டெழுந்தனர். மோட்டார் சைக்கிளிற் செல்லும் சீக்கியர் தலைக்கவசத்திற்குப் பதிலாகத் தலைப்பாகை அணியும் உரிமையைச் சட்டமூலம் பெற்றதும் அதே ஆண்டிற்றான். தெருவில் உயிருக்கும் உரிமைக்கும் அடையாளமாக நின்ற தலைப்பாகை, அடுத்த ஆண்டின் இறுதியில் தொலைக்காட்சியில் வேடிக்கை உடையாயிற்று. தொடரின் பாத்திரங்கள் இழிவான வார்ப்புகள் எனக் கருதி, அந்நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பிலிருந்த மைக்கல் கிரேட் அதனை நிறுத்தியமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது.

எனினும், பாத்திரத்தின் குறையை நடிகன்மேற் சுமத்துதல் முறையான விமர்சனமாகாது. மோசஸின் நடிப்பில் இரண்டு குரல்கள் உள்ளன. மன்னிப்புக் கோரும் குரல் தாழ்ந்தது. அலியோடு பொருதுங்கால் எழும் குரல் உயர்ந்தது. எழுத்தாளர் அடிமைப் பணிவாக எழுதியதை நடிகர் மிகையான உபசாரமாக்கினார். நிமிர்ந்த உடலோடு கோரப்படும் ஆயிரம் மன்னிப்பு, கோபத்தை மறைக்கும் திரையாகவும் ஒலிக்கின்றது. வசனத்திற்கு அப்பால் உடலாற் பேசிய இக்கலைத்திறன் அவருக்கேயுரியது.

ஆனால் அத்திறனுக்கு உரிய களம் கிடைத்ததா? 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ' (1977) படத்தில் மதுச்சாலைப் பணியாள். 'ஆன் அமெரிக்கன் வேர்வூல்ஃப் இன் லண்டன்' (1981) படத்தில் மருத்துவமனைச் சிற்றூழியர். 'ஒக்டோபஸ்ஸி' (1983) படத்தில் ஆங்கிலேய உளவாளிக்கு உதவும் இந்தியர். கம்பளையிற் பிறந்தவர் பஞ்சாபியாகவும் எகிப்தியச் சூழலின் பணியாளாகவும் தோன்ற முடிந்தது. இலங்கையராக அவரை எவரும் நினைவிற்கொள்ளவில்லை. இங்கு வேடமாற்றமும் ஒருவழிப் பாதையே. 'த பார்ட்டி' (1968) படத்திற் பீற்றர் செல்லர்சும், அதே லண்டன் வீக்கென்ட் டெலிவிஷன் தயாரித்த 'கறி அன்ட் சிப்ஸ்' (1969) தொடரில் ஸ்பைக் மில்லிகனும் முகத்திற் சாயம் பூசி ஆசியராயினர். மோசஸ் ஆங்கிலேயராக வேடமேற்கும் வாய்ப்பை எவரும் எண்ணியும் பார்த்திரார்.

இவ்விடத்து ஈழத்து ஆக்கமொன்றை ஒப்புநோக்கலாம். இலங்கை வானொலித் தொடராகப் புகழ்பெற்று 1976-இல் திரைப்படமாகிய 'கோமாளிகள்' படைப்பிலும் பேச்சு வேறுபாடே நகைக்குக் கருவாயிற்று. எஸ். ராமதாஸ் மரைக்காராகவும், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்களவரான உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தனர். ஒரு சமூகத்தவர் மற்றொரு சமூகத்தவராக வேடமேற்றல் இங்கு எத்திசையிலும் நிகழ்ந்தது. அதனினும் முக்கியமானது, அந்தக் கூட்டத்திற் பிரவுண் இல்லை என்பது. எவருடைய தமிழும் அளவுகோலன்று. ஆதலின் எவருடைய தமிழும் குற்றமன்று. ஆங்கிலத் தொடரிலோ அனைவரும் ஒருவரது மொழிக்கு முன்னே குற்றவாளிகள். உச்சரிப்பு எள்ளப்படுவது மட்டும் இழிவைப் பிறப்பிப்பதில்லை. அளவுகோல் யார் கையில் உள்ளது என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது.

இவ்வுண்மை கொழும்பு மாணவருக்குப் புதிதன்று. சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்திற்குக் 'கடுவ', அதாவது வாள், என்று பெயர். கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரை காலி வீதியின் ஆங்கில வகுப்புகளுக்குச் செல்வோர் அந்த வாளின் கூர்மையை அறிவர். ரஞ்சித் சிங்கைக் கண்டு நகைக்கும் இலங்கைப் பார்வையாளன், ஒரு கணம் பிரவுணின் நாற்காலியில் அமர்ந்து, பிறன் ஒருவனின் பிழையைத் திருத்தும் இன்பத்தை நுகர்கின்றான். உண்மையில் அவனுக்குரிய இடம் ரஞ்சித்தின் வாங்குதான். பேராசிரியர் வகுத்த முதலாவது எள்ளல் என்று அவன் மயங்குவது இரண்டாவதே.

ஆகவே மோசஸின் நடிப்பு வாழ்வை வெற்றியென்றோ வீழ்ச்சியென்றோ ஒருசொல்லில் முடித்துவிட இயலாது. தரப்பட்ட சிறிய இடத்தில் அவர் மனிதனொருவனை நிறுத்தினார். அந்த இடம் ஏன் அத்துணைச் சிறியதாயிருந்தது என்ற வினாவிற்கு விடைகூற வேண்டியவர் அவரல்லர். அவ்வினாவிலிருந்து தமிழ் மேடையும் தப்பிவிட முடியாது. மலையகத் தொழிலாளியின் பேச்சைச் சிரிப்பிற்கென மட்டும் மேடையேற்றும் நாடகக்காரன், அளவுகோலைத் தன் கையில் எடுத்துக்கொண்ட இன்னொரு பிரவுண் ஆகின்றான். மோசஸ் பிறந்த கம்பளை, அந்த மலையகத்திலேயே உள்ளது.