இலைக்குப் பொருந்தாத உதிர்வு

1972-இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி ஆகிய மூவரும் ஒரு சாவுக்குப் பெயர் தேடினார்கள். விலங்குத் திசுக்களில் சில செல்கள் வீங்கி வெடிக்காமல், சுருங்கித் துண்டுகளாகி, அழற்சி எதுவுமின்றி மறைந்துபோவதை அவர்கள் கண்டிருந்தார்கள். அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக்கொடுத்த சொல் 'அப்போப்டோசிஸ்'. இலையும் இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. நம்மிடம் கேட்டிருந்தால் 'வீ' என்று கொடுத்திருக்கலாம்; உதிர்ந்த பூவுக்கும் அதுதான் பெயர், மாய்வதற்கும் அதுதான் வினை. பெயர் தாவரத்திடம் வாங்கியது, சரி. அந்தச் சாவு தாவரத்தில் நடக்கிறதா? நடக்கிறது என்று எழுதிய ஆய்வுகளுக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் அளவுகோலைப் பார்த்துவிடுவோம். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற புழுவின் வளர்ச்சியில் 1090 உடற்செல்கள் பிறக்கின்றன; அவற்றில் 131 செல்கள் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் சாகின்றன. அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களைக் கண்டறிந்ததற்கும் சேர்த்துத்தான் 2002-இன் நோபல் பரிசு. மனிதரிலும் அடிப்படை அதுவே: பிசிஎல்-2 குடும்பப் புரதங்கள் வாயிற்காவல், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி கசிந்தால் ஏபாஃப்-1 புரதங்கள் ஏழு கூடிச் சக்கரமாகும், சக்கரம் காஸ்பேஸ் நொதிகளை முடுக்கும், அவை புரதங்களை அஸ்பார்டேட்டுக்கு அடுத்து வெட்டும், மிச்சத்தை வேறு செல்கள் விழுங்கும். உறுப்புகளை இவ்வளவு துல்லியமாக அறிந்ததால்தான் பிசிஎல்-2-ஐ அடைக்கும் வெனட்டோகிளாக்ஸ் 2016-இல் ரத்தப் புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

2000-இல் அராபிடாப்சிஸ் செடியின் மரபணுத்தொகுப்பு வெளிவந்தது. அதில் காஸ்பேஸ் இல்லை, பிசிஎல்-2 குடும்பமும் இல்லை. இருப்பது மெட்டாகாஸ்பேஸ், ஒன்பது. தூரத்துச் சொந்தம்தான், ஆனால் அவை வெட்டுவது ஆர்ஜினின், லைசினுக்குப் பிறகு.

ஆனாலும் 'காஸ்பேஸ் போன்ற செயல்பாடு' தாவரத்தில் அளக்கப்பட்டது. அளந்தது எதை? காஸ்பேஸுக்கென்று செய்த செயற்கைப் பெப்டைடு வெட்டுப்படுகிறதா என்பதை. தழும்பைப் பார்த்துக் கத்திக்குப் பெயர் வைத்த கதை இது. மொசைக் வைரஸ் தாக்கிய புகையிலையில் அப்படி வெட்டிய ஒரு நொதியை 2004-இல் பிடித்தபோது அது செல்லுக்குள் இருக்கும் பையான வாக்குவோலுக்குள் வேலை செய்யும் வேறொரு நொதியாக இருந்தது. செல்லின் உட்பொருள் சுருங்குவதும் சான்றாகாது. சவ்வு கிழிந்து விறைப்பழுத்தம் போனால், எப்படிச் செத்த செல்லாயினும் அது சுவரைவிட்டு விலகும்.

எளிதில் தள்ள முடியாத சான்று ஒன்று உண்டு. சாவைத் தூண்டும் விலங்குப் புரதமான பாக்ஸைப் புகையிலை இலையில் உண்டாக்கினால் செல்கள் சாகின்றன. சாவைத் தடுக்கும் விலங்கு மரபணுக்களைப் புகுத்திய புகையிலை பூஞ்சைகளைத் தாங்கி நிற்கிறது. முதலாவதற்குப் பதில் உண்டு: பாக்ஸ் ஈஸ்ட்டையும் கொல்கிறது, அது சவ்வைத் துளைப்பது. இரண்டாவதற்கு அவ்வளவு நேரான பதில் என்னிடம் இல்லை. ஆனால் வந்த விருந்தாளி வீட்டில் கைவேலை செய்தான் என்பதால் அவன் குடும்பத்தில் பிறந்தவன் ஆகிவிடமாட்டான்.

தாவரச் சாவின் உண்மையான முகம் சைலத்தில் தெரிகிறது. நீர்க்குழாயாகப் போகும் செல் முதலில் தடித்த சுவரைக் கட்டிக்கொள்கிறது. பிறகு வாக்குவோல் கிழிகிறது. அதன் நொதிகள் உள்ளிருப்பதையெல்லாம் கரைக்கின்றன. விழுங்க வரும் செல் கிடையாது. சுவருக்குள் சிறைப்பட்ட அண்டைச்செல் எப்படி வரும்? வரவும் வேண்டாம். விலங்கில் பிணத்தை அப்புறப்படுத்தினால்தான் வேலை முடியும். இங்கே பிணம்தான் வேலைசெய்கிறது. மரத்தின் உச்சிக்கு நீர் ஏறுவது செத்த செல்களின் வழியாக.

உறவே இல்லையா என்றால், இருக்கிறது. தேடிய இடத்தில் இல்லை. கிருமி இறங்கிய இடத்தில் தாவரச் செல்கள் தாமாக மடிந்து அதை அடைத்துவிடும். அதை நடத்தும் சார்-1 புரதங்கள் ஐந்து கூடிச் சக்கரமாவதை 2019-இல் கண்டார்கள். ஏபாஃப்-1-இல் உள்ள அதே வகைக் கூறு இதிலும் உண்டு. ஆனால் இந்தச் சக்கரம் காஸ்பேஸை அழைப்பதில்லை. சவ்வில் பதிந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. இன்னொரு கூறான டிர், தாவர நோயெதிர்ப்பில் என்ஏடி மூலக்கூற்றை உடைக்கிறது. விலங்கில் சார்ம்-1 புரதம் அதே கூற்றால் அதையே உடைத்து நரம்பிழையை அழிக்கிறது. பாக்டீரியாவிலும் டிர் உண்டு. நரம்பிழை அப்படி அழிவதோ அப்போப்டோசிஸ் அல்ல.

ஆகவே என் தீர்ப்பு: 'திட்டமிட்ட செல் இறப்பு' இரு உலகுக்கும் பொதுவாக இருக்கட்டும். 'தாவர அப்போப்டோசிஸ்' பாடநூல்களிலிருந்து போகவேண்டும். 'அப்போப்டோசிஸ் போன்ற' என்ற ஒட்டுச்சொல்லும் கூடப் போகட்டும். பெயரைக் கொடுத்த இலை உதிர்வது எப்படி என்றால், காம்பின் அடியில் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைகிறது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன.