சங்கரின் கையில் பெயரில்லாத துப்பாக்கி

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. 1950-இல் ‘மந்திரி குமாரி’க்காக எம்.ஜி.ஆர். கையில் வாளைக் கொடுத்த கம்பெனி, 1966-இல் ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் ஜெய்சங்கர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ வந்தது. ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது.

நாயகனுக்குப் பட்டம் கிடைத்தது. துப்பாக்கிக்குப் பெயர் கிடைக்கவில்லை. அசல் பாண்டின் கதை வேறு. 1962-இல் ‘டாக்டர் நோ’வில் மேலதிகாரி அவனுடைய பெரெட்டாவைப் பிடுங்கிக்கொண்டு வால்தர் பி.பி.கே.யைத் திணிக்கிறார். சின்னக் கைத்துப்பாக்கி, கோட்டுக்குள் மறையும். ஒளிந்து வேலை செய்கிறவனுக்குப் பொருத்தம். 1971-இல் ‘டர்ட்டி ஹாரி’யின் ஸ்மித் அண்ட் வெசன் 29 நேர் எதிர்: நீளக் குழல், பெருந்தோட்டா, ஆளை மிரட்டவென்றே செய்தது போன்ற உருவம். ஆனால் அந்தப் படம் நினைவில் நிற்பது அதன் பருமனால் அல்ல. சுட்டது ஐந்தா, ஆறா என்று எதிராளி மனசுக்குள் எண்ணித் தவிக்கிறானே, அந்த ஒரு நிமிஷத்தால். ஆறு குண்டுதான் என்ற குறையே அங்கே நாடகம்.

நம் படங்கள் தவறவிட்டது இதைத்தான். சங்கரின் கையில் துப்பாக்கி ஓர் அடையாள அட்டை. நீட்டினால் ‘இவர் சி.ஐ.டி.’ என்று புரியும்; கணக்கைத் தீர்ப்பதோ முஷ்டிதான். இதில் ஒரு நல்லதும் உண்டு. நம் ரசிகன் ஆளைக் கொண்டாடினான், இரும்பைக் கொண்டாடவில்லை. மேல்நாட்டில் மாடல் எண்ணை மனப்பாடம் செய்யும் பக்தி சில சமயம் கேலிக்கூத்தாகும்: ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ விளம்பரப் படங்களில் ஷான் கானரி கம்பீரமாகப் பிடித்திருப்பது வெறும் காற்றுத் துப்பாக்கி!

அண்மைக்காலத்தில் ஆயுதம் பெருத்துவிட்டது. ‘கைதி’யில் (2019) சுழல்குழல் எந்திரத் துப்பாக்கி, ‘விக்ர’மில் (2022) பீரங்கியே வந்தது. தியேட்டர் அதிர்ந்தது, உண்மை, நானும் விசிலடித்தேன். ஆனால் ‘கைதி’ படம் முழுக்க ஒரு சாப்பாட்டு லாரியையும் வெறுங்கையையும் வைத்துக் கட்டிய பதற்றம், அந்த எந்திரம் சுழன்றதும் கரைந்துபோகிறது. எதிரில் நிற்பவன் விழுவானா என்ற கேள்விக்கே இடமில்லை. எத்தனை பேர் என்பதுதான் மிச்சம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குறைகளே உருவான ஆயுதம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவுக்குப் பக்கத்து மலைகளிலேயே இருந்தது. கல்வராயன், கொல்லிமலைப் பக்கம் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி போலீஸ் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்கிறது. குழல் வாய்வழியே கருமருந்து போட்டு, பால்ரஸ் குண்டு இறக்கி, குச்சியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடி, தவறினால் மறுபடி முதலிலிருந்து. மழையில் மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. நம் நட்சத்திரங்கள் இதைக் கையில் எடுப்பது அபூர்வம். வில்லனின் அடியாட்களுக்கும் காட்டுவாசி வேஷக்காரர்களுக்கும்தான் ஒதுக்குகிறார்கள்.

துப்பாக்கிப் படம் எடுக்கப்போகும் இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த நாயகனிடம் ஒரே ஒரு வெடிக்கான மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். அவன் குச்சியால் இடித்துக்கொண்டிருக்கும்போது வில்லன் நடந்து வரட்டும்.