அளந்தது அறிவையா, வாய்ப்பையா?

வெர்னியர் அளவியை முதன்முதலாகக் கையில் எடுக்கும் மாணவனுக்கு, அளப்பதற்கு முன்பே நாங்கள் கற்றுக்கொடுப்பது சுழிப்பிழையைப் பார்ப்பதற்கு. தாடைகள் இரண்டும் ஒட்டியிருக்கும்போது அளவி சுழியைக் காட்டவில்லை என்றால், அதைத் திருத்தாமல் நூறு முறை அளந்தாலும் நூறு முறையும் விடை தவறாகத்தான் வரும். அளவீடுகளின் எண்ணிக்கை கூடுவதால் இந்தப் பிழை மறைவதில்லை.

இந்த எளிய பாடத்தை மறந்த ஒரு நூல் 1923-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. எழுதியவர் கார்ல் பிரிகாம் என்னும் உளவியல் அறிஞர். அமெரிக்க மக்களின் நுண்ணறிவைப் பற்றிய ஆய்வு அது. நூறாண்டு கடந்த ஒரு நூலை இப்போது எடுத்து விமர்சிப்பானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த நூல் தவறு செய்தது என்பது இன்று உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. அந்தத் தவறு யார் யாரைச் சென்றடைந்தது, அதன் திருத்தம் யாரைச் சென்றடையவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நூலின் மூலப்பொருள் முதல் உலகப் போரின்போது கிடைத்தது. 1917-இல் ராபர்ட் யெர்க்ஸ் என்னும் உளவியலாரின் தலைமையில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு நுண்ணறிவுச் சோதனைகள் நடத்தப்பட்டன. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா' என்னும் எழுத்துச் சோதனை. தெரியாதவர்களுக்கு 'பீட்டா' என்னும் படச் சோதனை. மொத்தம் சுமார் 17.5 லட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். முடிவுகள் 1921-இல் சுமார் 900 பக்கங்கள் கொண்ட அறிக்கையாக வெளிவந்தன. அத்தனை பெரிய அறிக்கையைப் பொதுமக்கள் படிப்பார்களா? பிரிகாம் அதைச் சுருக்கி, யெர்க்ஸின் முன்னுரையோடு சிறிய நூலாகத் தந்தார். வட ஐரோப்பியர் நுண்ணறிவில் உயர்ந்தவர். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் தாழ்ந்தவர். கறுப்பினத்தார் அவர்களினும் தாழ்ந்தவர். இந்த வேறுபாடு பிறவியிலேயே அமைந்தது. இவையே நூலின் முடிவுகள்.

கருவியைச் சற்றுப் பார்ப்போம். ஆல்ஃபா சோதனையில் ஒரு கேள்வி, 'கிரிஸ்கோ' என்பது என்ன என்று கேட்டது. அது நம் ஊர் டால்டாவைப் போன்ற ஒரு சமையல் கொழுப்பின் வணிகப் பெயர். இன்னொன்று, ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி, அவர் எதற்குப் புகழ்பெற்றவர் என்று கேட்டது. எழுத்தறியாதவர்களுக்கான பீட்டாவிலோ, வலை இல்லாத டென்னிஸ் மைதானத்தின் படத்தைக் காட்டி, விட்டுப்போனதை வரையச் சொன்னார்கள். இழை இல்லாத மின்விளக்கும், குழல் இல்லாத கிராமபோனும் அந்தப் படங்களில் இருந்தன. கப்பலை விட்டு இறங்கிச் சில ஆண்டுகளே ஆன சிசிலி விவசாயி டென்னிஸ் மைதானத்தை எங்கே கண்டான்? மின்சாரம் எட்டாத மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் வளர்ந்த இளைஞனுக்கு விளக்கின் இழை எப்படித் தெரியும்? தகவல் யாருக்கு எட்டியிருந்தது என்பதை அளந்துவிட்டு, அதற்கு நுண்ணறிவு என்று பெயர் வைத்தார்கள். பல முகாம்களில் கூட்ட நெரிசலால், படிப்பறிவு குறைந்தவர்களையும் ஆல்ஃபாவிலேயே உட்கார வைத்தனர். பலர் சுழி மதிப்பெண் பெற்றனர். அந்தச் சுழி அவர்கள் மூளையில் இருந்ததா, கருவியில் இருந்ததா?

இதைவிட வியப்பானது, பிழையைக் காட்டும் சான்று பிரிகாமின் அட்டவணைகளிலேயே இருந்ததுதான். குடியேறியவர்கள் அமெரிக்காவில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார்களோ, அதற்கேற்ப அவர்களின் மதிப்பெண் உயர்ந்துகொண்டே போயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாக இருந்தனர். நாட்டோடு பழகப் பழக விடைகள் தெரியவந்தன என்பதுதான் இதன் நேரான பொருள். பிரிகாமோ, முன்னே வந்தவர்கள் நல்ல இனம், பின்னே வந்தவர்கள் மட்டமான இனம் என்று விளக்கம் சொன்னார். கருவி காட்டியதை விட்டுவிட்டுத் தம் எதிர்பார்ப்பைப் பதிவு செய்யும் மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை.

இந்த ஓட்டையை அன்றே கண்டவர்களும் உண்டு. 1924-இல் ஹொரேஸ் மான் பாண்ட் என்னும் இருபது வயது நிரம்பாத கறுப்பின இளைஞர், டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் நடத்திய 'தி கிரைசிஸ்' இதழில் இச்சோதனைகளை விமர்சித்து எழுதினார். இல்லினாய் போன்ற வடமாநிலங்களின் கறுப்பின வீரர்கள், மிசிசிப்பி, ஆர்கன்சா போன்ற தென்மாநிலங்களின் வெள்ளை வீரர்களைவிடக் கூடுதலாக மதிப்பெண் பெற்றிருந்தனர். நிறம்தான் காரணம் என்றால் இது எப்படி நேரும்? பள்ளிகள்தான் காரணம் என்றால் புதிர் அவிழ்ந்துவிடுகிறது. அந்நாளில் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, அதுவும் மிகக் குறைந்த செலவில். பொது நூலகங்கள் பலவற்றின் கதவும் அவர்களுக்கு மூடியே இருந்தது.

ஆனால் பாண்டின் கட்டுரையை யார் படித்தார்கள்? 'தி கிரைசிஸ்' பெரும்பாலும் கறுப்பின மக்களிடையே உலவிய இதழ். பிரிகாமின் நூலுக்கோ பல்கலைக்கழகத்தின் பெயரும் விஞ்ஞானத்தின் மதிப்பும் துணையாக இருந்தன. வெள்ளை வாசகருக்கு முடிவு கிடைத்தது, மறுப்பு கிடைக்கவில்லை. அவரைத் தீயவர் என்று சொல்லிவிட முடியாது. தமக்குக் கிடைத்த செய்தியை வைத்து, இனப் பாகுபாடு இயற்கையின் ஏற்பாடு என்று அவர் நம்பினார். அடிபட்டவர்களிடம் மறுப்பு இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் மேடை இல்லை.

அதே 1924-இல், 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வருவோருக்கு 2 சதவீத அளவு விதித்த குடியேற்றச் சட்டம் நிறைவேறியது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வரவு பெரிதும் அடைபட்டது. இந்நூல் இல்லாவிட்டாலும் அச்சட்டம் வந்திருக்கக் கூடும். அதற்கு வேறு அரசியல் காரணங்களும் இருந்தன. ஆயினும் அத்தகைய சட்டத்தை நியாயம் என்று நம்ப வைக்கும் கருத்துகளுக்கு இத்தகைய நூல்கள் வலுவூட்டின.

பிரிகாமுக்கு உரிய நீதியையும் நாம் வழங்க வேண்டும். அவர் அட்டவணைகளை மறைக்கவில்லை. 1930-இல், வேறு மொழியில் வளர்ந்தவர்களை இச்சோதனைகளால் ஒப்பிட முடியாது என்றும், தம் பழைய முடிவுகள் நிற்கமாட்டா என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இது ஒரு விஞ்ஞானியின் நேர்மை. ஆனால் அந்த ஒப்புதல் வெளிவந்தது உளவியலார் மட்டும் படிக்கும் ஓர் ஆய்விதழில்! 1935-இல் ஆட்டோ கிளைன்பெர்க், தெற்கிலிருந்து நியூயார்க் வந்த கறுப்பினக் குழந்தைகளின் மதிப்பெண் அவர்கள் அங்கு வாழும் ஆண்டுகளோடு உயர்வதை ஆய்ந்து காட்டினார். இத்தனைக்கும் பிறகு, நாட்டுவாரி ஒதுக்கீடு 1965-இல்தான் ஒழிந்தது.

தமிழில் படிக்கும் நமக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பிற நாட்டு ஆய்வுகளின் முடிவுகள் இரண்டு வரிச் செய்தியாக நம்மிடம் வந்துவிடுகின்றன. அட்டவணைகளும் மறுப்புகளும் பெரும்பாலும் வருவதில்லை. இன்ன இனத்தார் இதில் தாழ்ந்தவர் என்று விஞ்ஞானம் கண்டுவிட்டதாக யாரேனும் சொன்னால், மூன்று கேள்விகளைக் கேட்போம். எந்தக் கருவியால் அளந்தார்கள்? அளக்கப்பட்டவர்களுக்கு விடையறியும் வாய்ப்பு இருந்ததா? அவர்கள் தரப்பில் சொன்ன மறுப்பு எங்கே? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காதவரை, சுழிப்பிழை பார்க்காத அளவீடாகவே அதை வைத்திருப்போம்.