கதையில் வராத நர்ஸ்

நாவலாசிரியன் தன் புத்தகத்தைத் தானே குறை சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனாலும் என் நாவல் ஒன்றிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு தகப்பனார் இறந்துபோகிறார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒன்றரைப் பக்கம் தெளிவாகப் பேசிவிட்டுக் கண்ணை மூடுகிறார். படித்து அழுததாக வாசகர்கள் பலர் எழுதினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்பத்தூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மாள் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். அவள் கணவர் ஆவடி டாங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புற்றுநோயில் போனவர். "கதை நன்றாகத்தான் இருக்கிறது, சார். ஆனால் அந்தப் பெரியவர் ஒரு தடவைகூடத் தண்ணீர் கேட்கவில்லையே? அவருக்கு யார் துணி மாற்றினார்கள்?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு யோசித்தபோது, இந்தக் கேள்வியை நம்மில் பலரிடம் கேட்கலாம் என்று பட்டது. 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தின் கதாநாயகி நர்ஸ்தான். ஆனால் படம் கொண்டாடுவது அவளுடைய தியாகத்தை; தொழிலை அல்ல. அடுத்த ஆண்டு ஸ்ரீதர் 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தை முழுக்க ஓர் ஆஸ்பத்திரியிலேயே நடத்திக் காட்டினார். வின்ஸென்டின் காமிரா நோயாளியின் கட்டிலுக்கு அடியில்கூடப் புகுந்து பார்த்தது. ஆனால் அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றிய கைகள் நம் நினைவில் நிற்கவில்லை. சாகப்போகிறவன் பிழைக்கிறான், காப்பாற்றிய டாக்டர் சாகிறார். நல்ல படந்தான். ஆனால் தியாகத்தைக் கண்டு உருகுகிற நாம், பணிவிடையைப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

பார்த்தவர் டால்ஸ்டாய். 1886இல் வெளிவந்த 'இவான் இலியிச்சின் மரண'த்தில், நீதிபதி ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். வீட்டாரும் டாக்டர்களும் அவன் குணமாகிவிடுவான் என்று நடிக்கிறார்கள். கெராஸிம் என்ற வேலைக்காரப் பையன் மட்டும் நடிப்பதில்லை. மலச்சட்டியை முகஞ்சுளிக்காமல் எடுத்துப் போகிறான். வலி குறைகிறது என்று எஜமான் சொன்னதற்காக, அவன் கால்களை இரவெல்லாம் தன் தோள்மேல் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பொய் சொல்லாத மனசும் அருவருக்காத கையும் ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள் என்பதை இதைவிட நன்றாக யாரும் எழுதியதில்லை.

ஆனால் டால்ஸ்டாயிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த மனைவிக்கு அவர் நியாயம் செய்யவில்லை. கடைசியில் இவான்கூட அவளுக்காக இரங்குகிறான், ஆசிரியர் இரங்கவில்லை. நோயாளிக்குக் கெராஸிம் இருந்தான். அவளுக்கு யார் இருந்தார்கள்?

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய ஸிஸிலி ஸாண்டர்ஸுக்கு இது தெரிந்திருந்தது. முதலில் நர்ஸாகப் பயிற்சி பெற்று, பிற்பாடு டாக்டரானவர் அவர். சாகிறவனுடைய வலி உடம்போடு நிற்பதல்ல, மனசிலும் குடும்பத்திலும் பரவுவது என்று கற்பித்தார்.

எங்கள் தெரு அம்மாளுக்கும் தெரிந்திருந்தது. 2021இல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நோய் ஆதரவுச் சிகிச்சைக்காக வீட்டுக்கே நர்ஸ் வருகிறார். அவள் வீட்டுக்கும் ஒரு பெண் வந்தாள். வலி வந்த பிறகு அல்ல, கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை கொடுக்க வேண்டும் என்றாள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுத்தாள். "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று இவளையும் கேட்டாளாம். மூன்று மாதத்தில் அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

கடைசி நாளில் கிழட்டுத் தாயார் டம்ளரில் பாலோடு வந்து நின்றாள், பிள்ளையின் வாயில் ஊற்ற. விழுங்க முடியாதவனுக்கு ஊற்றினால் புரையேறும். உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்லிச் சத்தம் போட்டார்கள். நர்ஸ் கிழவியைத் தடுக்கவில்லை. கொஞ்சம் பஞ்சை எடுத்துப் பாலில் தொட்டுப் பிழிந்து, "இதை உதட்டில் ஒற்றுங்கள், பாட்டி. மெதுவாக" என்று அவள் கையில் கொடுத்தாள். கிழவி ஒற்றினாள். சத்தம் அடங்கிற்று. அவர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் போய்விட்டார்.

வைத்தியமும் சம்பிரதாயமும் ஒரு பஞ்சுத் துணுக்கில் சமாதானமாகிவிட்டன. இப்படி ஒரு காட்சி என் நாவலில் இல்லை. நான் படித்த நாவல்களிலும் கண்டதாக நினைவில்லை. நம் கதைகளில் சாகிறவர்கள் அதிகம் பேசுகிறார்கள். பேச்சில்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க நமக்குப் பொறுமை இல்லை.

என் நாவல் மறுபதிப்பு வந்தால், அந்தத் தகப்பனாரின் பேச்சில் ஒரு பக்கத்தை வெட்டிவிடுவதாக இருக்கிறேன். அந்த இடத்தில் அவர் தண்ணீர் கேட்பார். கொண்டுவந்து கொடுப்பது யார் என்பதையும் எழுதுவேன்.