வீடா, மருத்துவசாலையா?
சென்னைச் சயரோக ஒப்பாய்வு பற்றிய ஒரு மதிப்பீடு

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள மஹய்யாவவில் மாநகரசபைத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நெருங்கி வாழ்ந்து வருகின்றன. ஓரறையிலோ ஈரறையிலோ ஒரு குடும்பம் முழுவதும் அடங்கியிருக்கும் இத்தகைய குடியிருப்பில் ஒருவருக்குச் சயரோகம் கண்டால், அவரை வீட்டில் வைத்துப் பராமரிப்பதா, பிரித்து மருத்துவசாலைக்கு அனுப்புவதா என்னும் வினா எழும். இன்று இந்நாட்டு மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்கள் பெரும்பாலான நோயாளரை வீட்டில் இருந்தபடியே மருந்துண்ணச் செய்கின்றன. இதில் வியப்பதற்கு என்ன உண்டு என்று இளைய தலைமுறையினர் கேட்கலாம். ஆயின், எழுபது ஆண்டுகளுக்கு முன் இது துணிகரமான செயலாகவே கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றியதில் பெரும்பங்கு கொண்டது சென்னையில் நிகழ்ந்து 1959இல் முடிவு வெளியிடப்பெற்ற ஓர் ஒப்பாய்வு ஆகும். அவ்வாய்வு எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்று சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மருந்து குணம் தந்ததா என்பது ஒரு வினா. அது மற்றொன்றினும் மேலான குணம் தந்ததா என்பது வேறொரு வினா. முன்னைய வினாவுக்கு வைத்தியரின் அனுபவம் ஓரளவு விடை கூறும். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வு கண்ட தமிழ் மருத்துவர் நோயை அறிவதில் கூர்மை மிக்கவர். ஆயினும், எவ்வைத்தியரின் நினைவிலும் குணமடைந்து நன்றி கூற வந்தவரே நிலைப்பர். திரும்பி வராதவர் மறக்கப்படுவர். மருந்தின்றியே தேறக்கூடியவர் தேறும்போது அப்புகழும் மருந்தையே சேரும். அனுபவம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது தான் கண்டதை மாத்திரமே சொல்லும். காணாதவற்றையும் கணக்கிற் சேர்ப்பதற்கு அனுபவத்துக்குப் புறம்பான ஓர் ஒழுங்கு வேண்டும்.

அவ்வொழுங்கு இல்லாத காலத்தில் நேர்ந்த இழப்புக்குச் சயரோக வரலாறே சான்று. பொன்னுப்பு வகையைச் சேர்ந்த 'சனோகிறைசின்' என்னும் மருந்து 1920களில் ஐரோப்பாவிற் பெரிதும் போற்றப்பட்டது. அமெரிக்காவில் டெற்றொயிற் நகரை அடுத்து அம்பர்சன் என்பாரும் அவர்தம் துணைவரும் இருபத்துநான்கு நோயாளரை ஒத்த இரு பிரிவுகளாக்கி, எப்பிரிவுக்கு மருந்து தருவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர். 1931இல் வெளிவந்த முடிவு, அம்மருந்தால் நன்மை இல்லை, தீமையே உண்டு என்று காட்டியது. பின்னர்ப் பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிக் கழகம் 'ஸ்ட்ரெப்டோமைசின்' மருந்தை 107 நோயாளரிடையே சோதித்து, 1948இல் முடிவை வெளியிட்டது. யார் எப்பிரிவைச் சேர்வது என்பது முத்திரையிட்ட உறைகளினுள் மறைக்கப்பட்டிருந்தது. எக்ஸ்-கதிர்ப் படங்களை வாசித்தவர்கள் அவை எப்பிரிவினருடையவை என்று அறியாமலே வாசித்தனர். ஆறு திங்களில் மருந்து பெற்ற 55 பேரில் நால்வரும், பெறாத 52 பேரில் பதினால்வரும் இறந்தனர். வைத்தியரின் ஆசையும் ஐயமும் முடிவினுள் நுழையாதபடி கதவடைத்ததே இம்முறையின் தனிச்சிறப்பு.

இம்மரபின் வழிவந்ததே சென்னை ஆய்வு. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதாரத் தாபனம், பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி 1956இல் சேத்துப்பட்டில் ஒரு சயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் பொக்ஸ் அதன் முதல் தலைவராக அமைந்தார். மேலைநாட்டுச் சனற்றோரியங்களில் ஓய்வும், தூய காற்றும், போசணை மிக்க உணவும், தாதியர் பராமரிப்புமே சிகிச்சையின் உயிர்நாடி என்று அக்காலத்திற் கருதப்பட்டன. இந்தியாவிலோ நோயாளரின் தொகைக்கும் கட்டில்களின் தொகைக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருந்தது. ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். என்னும் இரு மருந்துகளும் கைக்கு எட்டியிருந்த நிலையில், இவற்றைச் சேரியிலுள்ள வீட்டிலேயே உட்கொண்டால் என்ன குறையும் என்ற வினா பிறந்தது.

சென்னை நகரில் வறுமையும் நெருக்கமும் மிக்க மக்களிடமிருந்து ஏறத்தாழ இருநூறு நோயாளர் சேர்க்கப்பட்டனர். முன்னர் முறையான மருந்துச் சிகிச்சை பெறாத அவர்களுட் சிலர் வீட்டுக்கும் சிலர் சனற்றோரியத்துக்கும் என வாய்ப்பு விதிப்படி பகுக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே, காலமும் ஓராண்டே. ஒரு பிரிவினர் கட்டிலில் ஓய்வு கொண்டு நல்லுணவு உண்டனர். மற்றைப் பிரிவினர் குறைந்த உணவுடன், பலர் உழைத்துக்கொண்டும், நெருக்கமான மனைகளில் வாழ்ந்தனர். வேறுபாட்டை ஒன்றிலே நிறுத்தி ஏனையவற்றை ஒன்றாக்குவது ஆய்வுகூடத்தில் எளிது; உயிருள்ள மாந்தரிடையே அரிது. அவ்வரிய செயலை அந்நிலையம் பெருமளவு நிறைவேற்றியது.

இனி, அளவுகோல்களை நோக்குவோர் இவ்வாய்வின் நுட்பத்தை இன்னும் தெளிவாகக் காண்பர். எக்ஸ்-கதிர்ப் படம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினும், ஒரே படத்தை இரு நிபுணர் இருவிதமாக வாசிப்பதுண்டு. ஒருவரே சில காலம் கழித்து வேறுவிதமாக வாசிப்பதும் உண்டு. சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி நிறமூட்டி நுணுக்குக்காட்டியால் நோக்கும் முறை விரைவானது. ஆயின், ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளேனும் இருந்தாலன்றி அது பெரும்பாலும் கண்ணிற் படாது. வளர்ப்பூடகத்தில் கிருமியை வளர்க்கும் முறை மிகச் சில கிருமிகளையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் விடைக்காகப் பல வாரங்கள் காத்திருத்தல் வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்து மூன்றையும் பயன்படுத்தியதோடு, கிருமி மருந்துக்கு இணங்குகின்றதா, எதிர்த்து நிற்கின்றதா என்றும் அந்நிலையம் சோதித்தது. நோயாளியின் கட்டிலருகே எழுந்த வினாவுக்கு ஆய்வுகூடம் விடை கூறியது.

யாவற்றினும் நுட்பமான அளவுகோல் வேறொன்று. வீட்டிலுள்ள நோயாளர் மருந்தை உண்மையில் உட்கொண்டனரா? உட்கொண்டதாகச் சொல்வதை நம்பினால் ஒப்பீடு சரிந்துவிடும். நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரிற் பி.ஏ.எஸ். இருக்கின்றதா என்று எளிய இரசாயன முறையாற் சோதித்தனர். நோயாளியை ஐயுறுவதாக இது தோன்றலாம். உண்மையில், மருந்தின் தோல்வியையும் மருந்து உண்ணாமையின் தோல்வியையும் வேறுபடுத்தி அறிவதற்கு இதைவிட நேர்மையான வழி அக்காலத்தில் இல்லை.

முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. சனற்றோரியத்தில் இருந்தோரின் சளி சற்று விரைவிற் கிருமியற்றதாகியது. அவர்தம் உடல்நிறையும் மிகுதியாகக் கூடியது. ஆயினும், ஓராண்டின் இறுதியில் நோய் தணிந்தோர் தொகையில் இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோதும் அந்நிலை மாறவில்லை. வீட்டில் உடன்வாழ்ந்த மனைவி மக்களுக்கு நோய் பரவியிருக்கும் என்னும் அச்சம் எஞ்சியிருந்தது. அதனையும் ஐந்தாண்டு ஆராய்ந்து 1966இல் வெளியிட்ட அறிக்கை, நோயாளியைப் பிரித்து வைத்ததனாற் குடும்பத்தாருக்குக் குறிப்பிடத்தக்க மேலதிகப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்று காட்டியது. சிகிச்சை தொடங்குமுன் உடனிருந்த காலத்திலேயே ஆபத்தின் பெரும்பகுதி நிகழ்ந்து முடிந்திருந்தது. ஓராண்டு தாயைப் பிரிந்திருக்க வேண்டிய குழந்தைக்கும், உழைப்பவனை இழந்து நிற்க வேண்டிய குடும்பத்துக்கும் இம்முடிவு எத்துணை ஆறுதல் என்பதைக் கூறவேண்டியதில்லை.

இவ்வாறு சிறப்பெய்திய ஆய்வை மதிப்பிடுவோர் அதன் எல்லைகளையும் சுட்டுதல் வேண்டும். முதலாவது, சென்னையில் ஒப்பிடப்பட்டவை வீடும் சனற்றோரியமும் மாத்திரமல்ல. மருந்து தவறாது கிடைத்த, பணியாளர் படியேறி வந்து விசாரித்த, சளி ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட ஒரு வீடே அங்கு சனற்றோரியத்தோடு ஒப்பிடப்பட்டது. அறிக்கை எழுதியவர்கள் இதனை உணர்ந்தே போதிய வீட்டுச் சேவை அமைந்தால் என்னும் கருத்தைத் தம் முடிவோடு சேர்த்தனர். 'வீடே போதும்' என்ற பகுதி அரசாங்கங்களின் காதில் இனிமையாக விழுந்தது. 'சேவை வேண்டும்' என்ற பகுதி செலவோடு கூடியதாதலின் மெல்ல ஒலித்தது. அந்நிலையம் மாத்திரம் அதனை மறக்கவில்லை. பணியாளர் கண்முன்னே வாரம் இருமுறை மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து 1964இல் அது முடிவு வெளியிட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அது ஓர் அடித்தளமாயிற்று.

இரண்டாவது, ஓரிடத்தில் திருந்திய முறை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் ஆகாது. இப்பாடத்தைச் சென்னை ஆய்வுகூடமே கற்பித்தது. தென்னிந்திய நோயாளரிடமிருந்து பெற்ற கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றியபோது, அவற்றுட் பல பிரித்தானியக் கிருமிகளிலும் கொடுமை குறைந்தனவாய் இருந்தன. ஆயின், அக்கிருமிகளே மனிதரின் நுரையீரலைக் கொடுமையாக அரித்திருந்தன. விலங்கின் உடல் தரும் விடை மனித உடலின் விடையன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. அவ்வாறே, ஐசோநியாசிட்டை உடல் செயலிழக்கச் செய்யும் வேகமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதை அங்கு ஆராய்ந்தனர். மெதுவாகச் செயலிழக்கச் செய்வோர் அம்மருந்தைத் தனியே பெற்றபோது மற்றையோரினும் நன்கு தேறினர். ஒரே அளவு மருந்து எல்லாருக்கும் ஒரே மருந்தாவதில்லை.

மூன்றாவதே மிக முக்கியமானது. குறைந்த உணவு உண்ட வீட்டு நோயாளரும் தேறினர் என்பது உண்மை. இவ்வுண்மையைப் பலர் நீட்டி, 'சயரோகத்துக்கு உணவு முக்கியமன்று' என்று பொருள் கொண்டனர். சென்னை ஆய்வு அவ்வினாவை அவ்வாறு கேட்கவேயில்லை. இரு மருந்துகளும் ஒழுங்காகக் கிடைக்கும்போது, உணவுக் குறைவு கிருமி அழிவதைத் தடுக்குமா என்பதே அதிலிருந்து விடை பெறக்கூடிய வினா. நோய் வராது காப்பதில் உணவுக்குப் பங்குண்டா என்பது வேறு வினா. அதற்கு வேறு ஒப்பாய்வு வேண்டும். அத்தகைய ஆய்வொன்று இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நிகழ்ந்து, 2023இல் வெளிவந்தது. அதில் 2,800 நோயாளரும் அவர்தம் வீட்டார் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரும் இடம்பெற்றனர். நோயாளருக்கு மாத்திரம் உணவு வழங்கிய குடும்பங்களினும், வீட்டார் அனைவருக்கும் வழங்கிய குடும்பங்களிற் புதிதாகச் சயரோகம் கண்டோர் தொகை ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு குறைந்தது. அறுபத்துநான்கு ஆண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரு முடிவுகளும் முரண்படுவன அல்ல. ஒன்று நோயாளியின் குணத்தைப் பற்றியது. மற்றொன்று உடனிருப்போரின் காப்பைப் பற்றியது. முரண்பட்டது வாசித்தோரின் அவசரமே.

ஆகவே, சென்னை ஒப்பாய்வின் பெருமை அது எல்லா வினாக்களுக்கும் விடை கூறியதில் இல்லை. ஒரு வினாவைத் தெளிவாகக் கேட்டு, அதற்குக் கலப்பற்ற விடை பெற்றதில் உள்ளது. ஆய்வு முறைகள் திருந்துவதும் இவ்வழியிலேயே. பழைய ஆய்வைப் பொய்யென்று தள்ளுவதாற் பயனில்லை; அது கேளாது விட்ட வினாவை அடுத்தவர் கேட்பதாலேயே முறை வளர்கிறது. விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஓர் அறிக்கையின் முடிவைப் படிக்குமுன், யாரை யாரோடு ஒப்பிட்டனர், எதனால் அளந்தனர், எதனை அளக்காது விட்டனர் என்னும் மூன்றையும் கேட்டறிதல் நன்று.

மஹய்யாவவின் ஓரறை வீட்டில் ஒருவர் ஆறு திங்கள் மருந்துண்டு குணமடைய முடியும் என்பதில் இன்று ஐயமில்லை. ஆனால் அவ்வீட்டின் படியேறி வரும் பணியாளரும், அடுப்பில் ஏறும் அரிசியும் பருப்பும் அச்சிகிச்சைக்குப் புறம்பானவை அல்ல. முன்னையதைச் சென்னை ஆய்வு சொல்லிற்று, பலர் கேட்கவில்லை. பின்னையதை அது சொல்லவில்லை. சொன்னதாகப் பலர் கருதினர். இவ்விரு பிழைகளும் வாசிப்பின் பிழைகள். அவற்றின் விலையைச் செலுத்தியவர்களோ அவ்வறிக்கையை ஒருபோதும் வாசித்திராத ஏழை நோயாளரும் அவர்தம் குழந்தைகளுமே.