ஆவாரம்பூவும் ஒரு வாழ்த்துதான்

பழைய காதலர் தின அச்சு அட்டைகளில் பூக்களே சேதி சொல்லின: சிவப்பு ரோஜா காதல், நீல வயலெட் மாறாத அன்பு, பான்சி உன் நினைவு. 1884-இல் கேட் கிரீனவேயின் படங்களோடு பூக்களின் பொருள் சொல்லும் அகராதியே லண்டனில் வெளிவந்தது.

எங்கள் கொங்கு நாட்டில் பூக்கள் சேதி சொல்ல அச்சுக்கூடம் தேவைப்படவில்லை. மார்கழியின் கடைசி நாளில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கட்டிக் கூரையிலும் வாசலிலும் தோட்டத்திலும் செருகினால் காப்பு. வீடும் வெள்ளாமையும் நலமாயிருக்கட்டும் என்று பொருள். வெண்பூளையின் நரைத்த கதிரருகே ஆவாரையின் மஞ்சள் எத்தனை எடுப்பு! காணும் பொங்கலன்று பெண்பிள்ளைகள் ஆவாரம்பூ பறித்துக் கும்மியடிக்கும் பூநோன்பு அதைவிட அழகு.

வாழ்த்து அட்டை அச்சிடுவோரே, அடுத்த பொங்கலுக்குக் கரும்போடு ஒரு கொத்து ஆவாரையும் வரையுங்கள்.